ருஷ்யக் கதைகளில் குதிரை: வீரனின் ஊர்தி மட்டும்தானா?

வாசகர் கேள்வி: 2023 அக்டோபர் 8

ருஷ்ய நாட்டார் கதைகளில் குதிரை வீரத்தின் அடையாளம், அதற்கு மேல் எதுவும் இல்லை என்பது என் கருத்து. நாயகன் இருந்தால் அவனுக்கு ஒரு குதிரையும் இருக்கும். மொழியிலும் அப்படித்தான், ஒருவன் 'குதிரை மேல் இருக்கிறான்' என்றால் வென்றுவிட்டான் என்று பொருள். இதில் குறியீடு என்று தோண்டி எடுக்க என்ன இருக்கிறது?

அக்டோபர் 8, இரவு

இந்தக் கருத்தில் பாதி சரி. விடுபட்ட பாதியில்தான் விஷயமே இருக்கிறது. ருஷ்யக் கதையில் நாயகன் இருப்பதால் குதிரை வருவதில்லை. குதிரை வந்த பிறகுதான் அவன் நாயகனாகிறான். அந்தக் குதிரையைத் தருபவர் யார் என்று பார்த்தால், பல கதைகளில் அவர் உயிரோடு இருப்பவரே அல்லர்.

எல்லோருக்கும் தெரிந்த ஸீவ்கா-பூர்கா கதையை எடுத்துக்கொள்ளலாம். கிழவர் ஒருவர் சாகும் தறுவாயில் மூன்று பிள்ளைகளையும் அழைத்து, தம்மைப் புதைத்த பிறகு ஆளுக்கோர் இரவு கல்லறையருகே வந்து உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார். மூத்தவர்கள் இருவரும் தட்டிக்கழிக்கிறார்கள். கணப்படுப்பின் மேல் படுத்துக் கிடப்பதைத் தவிர வேறு எதற்கும் உதவாதவன் என்று வீட்டார் ஒதுக்கி வைத்திருக்கும் கடைசிப் பிள்ளை இவான், அண்ணன்மாரின் முறைக்கும் தானே போய் உட்காருகிறான். நள்ளிரவில் கல்லறை திறக்கிறது. வந்திருப்பவன் யார் என்று தந்தை கேட்கிறார். இளையவன் என்று தெரிந்ததும் தம் குதிரையை அழைத்து, தமக்கு உழைத்ததுபோல் இவனுக்கும் உழைக்கச் சொல்லி ஒப்படைக்கிறார். குதிரை ஓடி வரும்போது நிலம் அதிர்கிறது, நாசியிலிருந்து நெருப்பும் காதுகளிலிருந்து புகையும் எழுகின்றன. அதை அழைக்கும் மந்திரச் சொல் 'புல்லின் முன் இலை நிற்பதுபோல் என் முன் வந்து நில்' என்பது. அதன் பொருள் என்ன என்று கதை சொல்பவரும் விளக்குவதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. இவான் அந்தக் குதிரையின் ஒரு காது வழியாக நுழைந்து மறு காது வழியாக வெளியே வருகிறான். வரும்போது யாரும் அடையாளம் காண முடியாத அழகனாக இருக்கிறான். பிறகுதான் உயர்ந்த மாடத்தில் உட்கார்ந்திருக்கும் அரசகுமாரியை எட்டும் தாவல் நடக்கிறது.

ஆகவே இங்கே குதிரை வீரத்துக்குக் கிடைத்த பரிசு அன்று. இறந்துபோன தந்தைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதற்கு மண்ணுக்கடியிலிருந்து வந்த பரிசு.

அக்டோபர் 9

நேற்றைய குறிப்பில் பெயரைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். 'ஸீவ்கா' என்றால் சாம்பல் நிறத்தது, 'பூர்கா' என்றால் கருஞ்செம்மண் நிறத்தது, அவற்றோடு சேர்த்துச் சொல்லப்படும் 'காவுர்கா' என்பது வெளிர்ச்செம்பட்டை. ஒரே குதிரைக்கு மூன்று நிறம். மூன்று இரவுகளில் மூன்று குதிரைகள் வந்த பழைய கதை வடிவம் ஒன்று பிற்பாடு ஒரே பெயராகச் சுருங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது; மூன்று பிள்ளைகள், மூன்று இரவுகள் என்ற அமைப்பு அதற்கு இடம் தருகிறது. இதை உறுதியான முடிவாகச் சொல்லவில்லை.

அக்டோபர் 11

'இறந்தவரோடு தொடர்பு என்பது ஒரே ஒரு கதையை வைத்துச் சொல்வது' என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். கதையை ஒதுக்கிவிட்டு நாளாகமத்துக்கு, அதாவது ஆண்டுவாரியாக எழுதப்பட்ட வரலாற்றுப் பதிவுக்கு, வருகிறேன். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவ் நகரில் தொகுக்கப்பட்ட பழைய நாளாகமம், இளவரசர் அலேக் இறந்ததை 912ஆம் ஆண்டின் கீழ் இப்படிச் சொல்கிறது. எதனால் தமக்குச் சாவு வரும் என்று அலேக் குறிசொல்பவர்களைக் கேட்கிறார். 'நீர் விரும்பி ஏறும் குதிரையால்தான்' என்கிறான் ஒருவன். அலேக் அந்தக் குதிரையைக் கொல்லவில்லை. இனி அதன் மேல் ஏறுவதில்லை, அதைப் பார்ப்பதுமில்லை என்று முடிவு செய்து, தீனிக்குக் குறைவில்லாமல் பராமரிக்கச் சொல்கிறார். கிரேக்கர்கள் மேல் படையெடுத்துத் திரும்பிய பிறகு, ஐந்தாம் ஆண்டில், அதன் நினைவு வருகிறது. விசாரித்தால் குதிரை செத்துப்போயிருக்கிறது. குறிசொன்னவனை எள்ளி நகையாடிவிட்டு எலும்புகளையாவது பார்க்கலாம் என்று போகிறார். 'இந்த மண்டையோட்டிலிருந்தா எனக்குச் சாவு வரப்போகிறது?' என்று அதன் மேல் காலை வைக்கிறார். உள்ளேயிருந்து பாம்பு வெளிப்பட்டுக் காலில் தீண்டுகிறது.

இதில் என்னை நிறுத்துவது பாம்பு அன்று. குதிரை எந்தத் தீங்கும் செய்யவில்லை. அது நன்றாக ஓடியது, நன்றாக உண்டது, தன் காலம் முடிந்ததும் செத்தது. ஆனாலும் எசமானனின் முடிவு அதற்குள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கிறது. அவர் அதைத் தள்ளி வைத்தாலும் அது எலும்பாகிக் காத்திருக்கிறது. எசமானனின் சாவைக் குதிரை சுமக்கிறது என்ற எண்ணம் கொசாக்குகளின் பாடல்களிலும் வருகிறது. கனவில் தன் கருங்குதிரை தனக்கடியில் துள்ளித் துள்ளி ஆடியதாகத் தலைவன் சொல்கிறான்; கேட்டிருந்த துணைத் தலைவன் 'உன் தலை போகப்போகிறது' என்று அதற்குப் பலன் சொல்கிறான்.

இன்னும் பின்னால் போனால், 922ஆம் ஆண்டு வோல்கா கரையில் ரூஸ் தலைவன் ஒருவனின் ஈமச்சடங்கை நேரில் பார்த்த அரபுத் தூதர் இப்ன் ஃபத்லான், இரண்டு குதிரைகளை வியர்த்து விறுவிறுக்கும்வரை ஓடவிட்டு, வெட்டி, தலைவனின் உடல் வைத்திருந்த கப்பலுக்குள் போட்டதாக எழுதியிருக்கிறார். அந்த ரூஸ் மக்கள் பெரும்பாலும் வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் அதை முழுவதும் ஸ்லாவியச் சடங்கு என்று கொள்ள முடியாது. ஆனால் அலேக்கும் அதே வடக்கு வழியில் வந்தவர்தான்.

அக்டோபர் 12

இரண்டு சொற்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ருஷ்யர்களிடம் குதிரைக்கு 'கோன்', 'லோஷத்' என்று இரண்டு சொற்கள் உண்டு. முன்னது பழைய ஸ்லாவியச் சொல். பின்னது துருக்கிய மொழிகளிலிருந்து வந்து சேர்ந்தது. போர், பாட்டு, சதுரங்கம் எல்லாவற்றிலும் கோன். ஏர், வண்டி, சுமை, எந்திரத்தின் குதிரைத்திறன் ஆகியவற்றில் லோஷத். 'கோன் என்றால் வீரனுடையது, லோஷத் என்றால் குடியானவனுடையது' என்று அவர் பிரித்த விதம் பாடப்புத்தகத்துக்குப் போதும், பழமொழிகளுக்குப் போதாது. 'கிழட்டுக் குதிரை உழவுசாலைக் கெடுக்காது' என்ற பழமொழியில் ஏர் இழுப்பது கோன்தான். உண்டும் உடம்பு தேறாதவனைப் பற்றி 'தீனி குதிரைக்குப் பிடிக்கவில்லை' என்பார்களே, அதிலும் கோன்தான். 'நான்கு கால் உள்ள குதிரையே இடறுகிறது' என்று பிழை செய்தவனைத் தேற்றும்போதும் கோன்தான். பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் சொல் இப்படிக் கொல்லையிலும் வயலிலும் தாராளமாகத் திரிகிறது.

தாழ்வு ஏற்றப்பட்டவை வேறு. 'சாம்பல் நிறக் காயடித்த குதிரைபோல் பொய் சொல்கிறான்', 'சாம்பல் நிறப் பெண்குதிரையின் பிதற்றல்' என்ற இரண்டும் இன்றும் தினசரி காதில் விழுபவை. இரண்டிலும் நிறம் 'ஸீவி', அதாவது ஸீவ்காவின் அதே சாம்பல் நிறம். கல்லறையிலிருந்து வரும் மாயக் குதிரைக்கும், நரைத்துத் தளர்ந்து கேலிக்கு ஆளான கிழட்டுக் குதிரைக்கும் மொழி ஒரே நிறத்தைத் தந்திருக்கிறது. இது தற்செயலா என்று பல காலமாக யோசிக்கிறேன். தற்செயல் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

அதே நாள், சற்றுப் பின்னர்

'ஆற்றின் நடுவில் குதிரையை மாற்றக் கூடாது' என்பதையும், எதிர்பாராமல் முந்தும் போட்டியாளரைச் சொல்லும் 'கருங்குதிரை'யையும் பட்டியலில் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு: சேர்க்க வேண்டாம். முன்னது 1864 அமெரிக்கத் தேர்தல் காலத்தில் லிங்கன் பேச்சால் பரவியது, பின்னது ஆங்கிலேயர்களின் பந்தய மைதானத்திலிருந்து வந்தது. இரண்டும் ருஷ்ய மொழியில் நன்றாகக் குடியேறிவிட்டன, ஆனால் நாம் பேசும் குதிரைக்கும் அவற்றுக்கும் உறவில்லை.

அக்டோபர் 15

கூரைக் குதிரையைப் பற்றி எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே எண்ணியிருந்தேன். படிப்பதற்காக நான் ருஷ்யாவின் வடக்கே, அர்ஹாங்கெல்ஸ்க் பக்கம், சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அந்த நகரத்துக்கு வெளியே மாலியே கரேலி என்ற இடத்தில் வடக்கத்திக் கிராமங்களிலிருந்து பழைய மரவீடுகளையும் தேவாலயங்களையும் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். கூரை முகட்டின் முன்முனையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் குதிரைத் தலையை முதலில் அங்கேதான் பார்த்தேன். பொருத்திய அலங்காரம் என்றே எவரும் நினைப்பார்கள். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகு அந்தக் கூரைகளை என்னால் வேறு விதமாகப் பார்க்க முடியவில்லை.

அது ஒட்டுப்போட்ட தலை அன்று. வேரோடு பெயர்த்தெடுத்த மரத்தின் அடிப்பகுதி அது. தண்டின் அடியைக் குடைந்து முகட்டின் மேல் நீளவாக்கில் கவிழ்த்து வைக்கிறார்கள்; தடித்து வளைந்த வேர்ப்பகுதி வீட்டின் முன்பக்கம் நீண்டு நிற்கும்; அதைச் செதுக்கினால் நெஞ்சும் கழுத்தும் தலையும் தாமாக அமைகின்றன. அந்த முழு மரத்துக்கும் அஹ்லூப்பென் என்று பெயர். அந்தக் கூரையில் ஆணி கிடையாது. சரிவுப் பலகைகளின் கீழ் நுனிகள் குடைந்த நீர்த்தாரை மரம் ஒன்றில் செருகியிருக்கும். அந்தத் தாரையைத் தாங்குபவை வேர் வளைந்த இளம் ஊசியிலை மரக் கொக்கிகள், அவற்றை அங்கே 'கோழிகள்' என்கிறார்கள். பலகைகளின் மேல் நுனிகள் ஒன்றோடொன்று சேரும் இடத்தை அழுத்திப் பிடித்து வைப்பது குதிரையின் எடைதான். குதிரையை எடுத்துவிட்டால் முதல் பெருங்காற்றில் கூரை போய்விடும். 'கூரையில் குதிரை இருந்தால் குடிசைக்குள் அமைதி' என்ற பழமொழியைக் காவல் தெய்வத்தின் பேச்சாகவே எல்லோரும் படிக்கிறார்கள். அது தச்சனின் பேச்சும்கூட. இரண்டு பொருளும் அந்த ஒரே மரத்துக்குள் இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

'கன்யோக்', அதாவது சின்னக் குதிரை, என்பதே இன்றைய ருஷ்ய மொழியில் எந்தக் கூரைக்கும் முகட்டின் பெயர். தகரம் வேய்ந்த புது வீட்டின் முகட்டுத் தகடும் கடையில் அந்தப் பெயரால்தான் விற்கிறது. பனிச்சறுக்குக் காலணிகளுக்கும் அதே பெயர். பழைய மரச் சறுக்குகளின் முன்முனையில் குதிரைத் தலை செதுக்கும் வழக்கம் இருந்தது.

அக்டோபர் 16

கூரைக்கு மேலே குதிரை என்றேன், கீழேயும் உண்டு. நவ்கோரத் நகரத்தின் அகழாய்வுகளில் பழைய மரவீடுகளின் அடியில் குதிரை மண்டையோடுகள் கிடைத்திருக்கின்றன. வீடு கட்டத் தொடங்கும்போது வைத்தவை. மண்டையோட்டைக் காலால் மிதித்த அலேக்கின் கதையை இதோடு சேர்த்து வாசிக்க வேண்டும். மற்றவர்கள் வீட்டுக்கடியில் மரியாதையாக வைத்துக் காவலாகக் கொண்ட பொருளை அவர் ஏளனத்தோடு மிதித்தார். நாளாகமத்தை முதலில் கேட்டவர்களுக்கு அந்தக் காட்சியின் பயங்கரம் நம்மைவிட அதிகம் புரிந்திருக்கும்.

அக்டோபர் 19

இப்போது லாயத்துக்குள் போகலாம். வீட்டுக்கும் தொழுவத்துக்கும் சேர்த்து ஒரு காவலன் உண்டு, தமவோய் என்பது அவன் பெயர். அவனுக்கு மிகப் பிடித்த பிராணி குதிரை. பிடித்த குதிரைக்கு இரவில் தீனி அள்ளிப் போடுவான், பிடரியைப் பின்னி விடுவான்; அந்தப் பின்னலை மனிதர் அவிழ்க்கக் கூடாது. பிடிக்காத குதிரையை இரவெல்லாம் ஓட்டி அலைக்கழிப்பான். காலையில் லாயத்தைத் திறந்தால் அது நுரை தள்ளி வியர்த்து நிற்கும். பிடிப்பதும் பிடிக்காததும் பெரும்பாலும் நிறத்தைப் பொறுத்தது. இந்த வீட்டுக்குச் செம்பட்டை ஒத்துவரும், அந்த வீட்டுக்குக் கறுப்பு ஒத்துவரும் என்று குடும்பம் குடும்பமாக நம்பினார்கள். ஒத்துவராத குதிரையை 'இந்த முற்றத்துக்கு ஆகாதது' என்று விற்றுவிடுவார்கள். தொந்தரவு தாங்காவிட்டால் செத்த மேக்பை பறவை ஒன்றை லாயத்தில் தொங்கவிடுவதும், குதிரைகளோடு ஓர் ஆட்டுக்கடாவைக் கட்டி வைப்பதும் வழக்கம்.

குதிரை கை மாறும் முறையும் கவனிக்கத்தக்கது. விலை பேசி முடிந்ததும் விற்பவர் தலைக்கயிற்றை வெறுங்கையால் கொடுக்க மாட்டார். தம் மேலங்கியின் முந்தியில் பிடித்துக் கொடுப்பார், வாங்குபவரும் முந்தியில்தான் வாங்குவார். பணம் பேசித் தீர்ந்த பிறகும் அந்தக் குதிரையில் வெறுங்கை படக் கூடாத ஏதோ ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது.

அக்டோபர் 20

வியர்த்து நிற்கும் குதிரை என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். அர்கோனா நினைவுக்கு வந்து எழுந்துவிட்டேன். பால்டிக் கடலில் ரூகன் தீவில் மேற்கு ஸ்லாவியர்களின் ஸ்வந்தவித் தெய்வத்துக்கு ஒரு கோயில் இருந்தது. 1168இல் டென்மார்க் அரசர் முதலாம் வல்டெமார் அதை இடித்தார். டேனிய வரலாற்றாசிரியர் சாக்சோ அங்கே இருந்த வெள்ளைக் குதிரையைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்குத் தீனி வைப்பதும் அதன் மேல் ஏறுவதும் பூசாரி ஒருவருக்கே உரிமை. அதன் பிடரியிலோ வாலிலோ ஒரு மயிரைப் பிடுங்குவதும் பாவம். இரவில் தெய்வம் அதன் மேல் ஏறிப் பகைவரோடு போரிடப் போகிறது என்று நம்பினார்கள். இரவெல்லாம் கொட்டிலில் நின்ற குதிரை காலையில் நெடுந்தூரம் போய் வந்ததுபோல் வியர்வையும் சேறுமாக நிற்குமாம். தமவோய் ஓட்டிய குதிரையும் இப்படித்தான் நிற்கிறது. அங்கே கோயில், இங்கே குடியானவனின் தொழுவம். அங்கே தெய்வம், இங்கே அடுப்பு மூலையில் குடியிருக்கும் சின்னக் காவலன்.

அர்கோனாவில் போருக்கு முன் ஈட்டிகளைத் தரையில் குறுக்காக நட்டு வைத்து, அந்தக் குதிரையை அவற்றைத் தாண்டி நடத்துவார்கள். வலது காலை முதலில் வைத்தால் நல்ல சகுனம். ருஷ்யக் கிராமத்துப் பெண்கள் கிறிஸ்துமஸை ஒட்டிய குறி பார்க்கும் இரவுகளில் வண்டியின் ஏர்க்காலைத் தரையில் கிடத்தி அதன் மேல் குதிரையை நடத்தினார்கள். இடறாமல் தாண்டினால் நல்ல கணவன், கால் தட்டினால் முன்கோபி. கண்ணைக் கட்டிய குதிரையில் ஏறி, அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தத் திசையில்தான் வாழ்க்கைப்படப் போகிறோம் என்று பார்த்ததும் உண்டு. தொலைவில் இருந்த இரண்டு மக்களிடம் ஒரே பழைய வழக்கத்தின் இரு துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன என்பதுதான் என் எண்ணம். நேரடியாக ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல மாட்டேன்.

அக்டோபர் 24

'கிறிஸ்தவம் வந்த பிறகு இவையெல்லாம் ஒளிந்து வாழ்ந்தவை' என்ற மறுமொழிக்கு என்னால் உடன்பட முடியாது. குதிரை தேவாலயத்துக்குள்ளேயே போய் நின்றுவிட்டது. ஃப்ரோல், லாவ்ர் என்ற இரண்டு புனிதர்களின் நாள் பழைய நாட்காட்டிப்படி ஆகஸ்ட் 18, இன்றைய கணக்கில் ஆகஸ்ட் 31. கிராமங்களில் அதற்குக் குதிரைத் திருநாள் என்றே பெயர். அன்று குதிரைக்கு வேலை கிடையாது. ஆற்றில் குளிப்பாட்டி, பிடரியில் நாடா பின்னி, தேவாலய வாசலுக்கு ஓட்டி வருவார்கள். பாதிரியார் புனித நீர் தெளிப்பார். இந்த இரண்டு புனிதர்களும் இல்லிரியாவில் கல்வேலை செய்த இரட்டையர்கள், கிணற்றில் தள்ளிக் கொல்லப்பட்டவர்கள் என்பதுதான் அவர்களுடைய வரலாறு. அதில் குதிரை எங்கும் இல்லை. ருஷ்யக் குடியானவனுக்குக் குதிரைக்கென்று ஒரு புனிதர் வேண்டியிருந்தது, அவன் இவர்களை நியமித்துக்கொண்டான்.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் நவ்கோரத் ஓவியர் வரைந்த திருவோவியம் ஒன்று மாஸ்கோவின் திரெத்யாக்கோவ் காட்சியகத்தில் இருக்கிறது. மேலே நடுவில் தலைமைத் தூதர் மிக்கேல் நிற்கிறார். சேணம் பூட்டிய இரண்டு குதிரைகளின் கடிவாளங்கள் அவர் கைகளில். ஒன்று வெள்ளை, மற்றது கறுப்பு. இருபுறமும் ஃப்ரோலும் லாவ்ரும். கீழ்ப்பாதி முழுவதும் மந்தை. ஸ்பெவ்சிப், எலெவ்சிப், மெலெவ்சிப் என்று மூன்று சகோதரர்கள் அதை ஓட்டி வருகிறார்கள். அவர்களுடைய கிரேக்கப் பெயர்களுக்குள்ளேயே குதிரை இருக்கிறது. அந்த ஓவியத்தின் முன் நின்றபோது என் கண் தூதரிடம் நிற்கவில்லை, கீழேதான் நின்றது. செம்பட்டையும் வெள்ளையும் கறுப்புமாகக் குதிரைகள் ஒன்றின் முதுகில் ஒன்று உரசிக்கொண்டு வருகின்றன. தேவதூதருக்குக் கொடுத்த அதே கவனத்தை ஓவியர் குளம்புகளுக்கும் கொடுத்திருக்கிறார்.

டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலில் சிறைக் குடிசையில் படுக்கப் போகும் குடியானவன் பிளத்தோன் இந்த இருவர் பெயரையும் சொல்லி வேண்டிக்கொள்கிறான். அது ஏன் என்று உடன் அடைபட்டிருக்கும் பியேர் கேட்கிறான். குதிரைத் திருநாள் அல்லவா, கால்நடைக்கும் இரங்க வேண்டும் என்கிறான் அவன். நாவலாசிரியர் இட்டுக்கட்டிய விசித்திரம் என்று என் நண்பர் ஒருவர் நினைத்திருந்தார். அது அன்றைய கிராமத்தின் சாதாரண இரவு வேண்டுதல்.

அக்டோபர் 27

கேள்வி கேட்டவருக்கே மீண்டும் எழுதுகிறேன். வீரக்கதைப் பாடல்களைப் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் எழுந்து நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்த இல்யா மூரமெத்ஸ் போர்க்குதிரை தேடி அரசவைக்குப் போகவில்லை. முதலில் கண்ணில் படும் குட்டியை வாங்கி, தானியம் ஊட்டி வளர்த்து, விடியற்காலைப் பனியில் புரளவிட வேண்டும் என்று அவருக்குச் சொல்லப்படுகிறது. அப்படித்தான் அவருடைய குதிரை உருவாகிறது. அதே குதிரை கொள்ளையன் சலவேயின் சீழ்க்கை கேட்டு இடறும்போது, 'ஓநாய்த் தீனியே, புல் மூட்டையே' என்று அவர் வைகிறார். உழவர் ஏருக்குப் பின்னால் நின்று வைவது இப்படித்தான் இருக்கும்.

மிக்கூலாவின் பாடல் இன்னும் நேரடியானது. படையோடு வரும் இளவரசன் வயலில் உழுதுகொண்டிருக்கும் மிக்கூலாவைச் சந்தித்துத் தன்னோடு அழைத்துப் போகிறான். மிக்கூலாவின் உழவுப் பெண்குதிரை சாதாரண நடையில் போகும்போது இளவரசனின் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடியும் பின்தங்குகிறது. அதன் கலப்பையை மண்ணிலிருந்து பிடுங்க இளவரசனின் ஆட்கள் அத்தனை பேராலும் முடியவில்லை. பாடலைப் பாடியவர்கள் யார் பக்கம் என்பதில் எந்த ஐயமும் இல்லை.

அக்டோபர் 28

காட்டில் வாழும் சூனியக் கிழவி பாபா யகாவின் குதிரைகளை மறந்துவிடக் கூடாது. மரியா மரேவ்னா கதையில் சாகாத வில்லன் கஷ்சேயின் குதிரை எவ்வளவு வேகமானது என்றால், கோதுமை விதைத்து, வளரும்வரை காத்திருந்து, அறுத்து, போரடித்து, மாவாக்கி, ஐந்து அடுப்பு ரொட்டி சுட்டு, உண்டு முடித்த பிறகு துரத்தினாலும் பிடித்துவிடுமாம். வேகத்தை அளக்க உழவனின் முழு ஆண்டு வேலையும் அளவுகோலாகிறது. அந்தக் குதிரையை வெல்லும் குதிரை பாபா யகாவின் தொழுவத்தில், சாணக் குவியலில் புரண்டு கிடக்கும் சொறிபிடித்த குட்டி. இவான் அதைத்தான் எடுக்கிறான்.

வாஸிலிஸா கதையில் அதே கிழவியின் வீட்டு வழியாகப் போகும் மூன்று குதிரைவீரர்களை முன்பே ஒருவர் நினைவூட்டியிருந்தார். வெள்ளை பகல், சிவப்புச் சூரியன், கறுப்பு இரவு. பொழுது விடிவதும் சாய்வதும் குளம்படியோடு நடக்கிறது.

அக்டோபர் 30

கூனல் முதுகுக் குட்டிக் குதிரையின் கதை நாட்டார் கதையா என்று கேட்டவருக்கு: அது 1834இல் வெளிவந்த செய்யுள் கதை. எழுதிய பியோத்தர் யெர்ஷோவ் அப்போது பத்தொன்பது வயது மாணவர், சைபீரியாவில் பிறந்தவர். நாட்டார் கதைகளின் துண்டுகளால் கட்டப்பட்டதால் மக்கள் அதைத் தம்முடையதாகவே எடுத்துக்கொண்டார்கள். குட்டியின் உயரம் மூன்று வெர்ஷோக், அதாவது சுமார் 13 சென்டிமீட்டர். காதுகளோ ஓர் அர்ஷின், சுமார் 71 சென்டிமீட்டர். அந்தக் காலச் சந்தையில் குதிரையின் உயரத்தை இரண்டு அர்ஷினுக்கு மேல் எத்தனை வெர்ஷோக் என்று மட்டும் சொல்வது வழக்கம். அதன்படி கணக்கிட்டால் இது ஏறத்தாழ 155 சென்டிமீட்டர் உயரமுள்ள சாதாரணக் குதிரை ஆகிவிடும். கதையில் அது விளையாட்டுப் பொம்மை அளவில்தான் வருகிறது. ஆனாலும் அன்றைய வாசகர் காதில் இரண்டு கணக்கும் சேர்ந்தே ஒலித்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

நவம்பர் 3

முச்சந்திக் கல்லைப் பற்றி. வழி பிரியும் இடத்துக் கல்லில் எழுதியிருப்பது கதைக்குக் கதை மாறும். ஆனால் குதிரையும் ஆளும் தராசின் இரண்டு தட்டுகளில் வைக்கப்படுவது மாறாது. ஒரு வழியில் போனால் குதிரை சாகும், ஆள் பிழைப்பான். மற்றொன்றில் ஆள் சாவான், குதிரை பிழைக்கும். சாம்பல் ஓநாய் கதையில் இளவரசன் குதிரையை இழக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கிறான். குதிரையைத் தின்ற ஓநாயே அவன் அழுவதைப் பார்த்து இரங்கி, அவனைச் சுமக்க முதுகு கொடுக்கிறது. குதிரை இல்லாமல் கதை ஓர் அடி நகராது. அதனால் தின்றவனே குதிரையாக வேண்டியிருக்கிறது.

நவம்பர் 5

இத்தனை நாளும் கதைகளிலேயே நின்றுவிட்டேன்; கதை சொன்னவர்களின் நிலைமையையும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ருஷ்யக் கிராமத்தில் ஏழையை அளந்த சொல் 'பெஸ்லோஷத்னி', குதிரை இல்லாதவன். புள்ளிவிவரத் தாள்களிலும் குடும்பங்களைக் குதிரை இல்லாதவர், ஒன்று உள்ளவர், இரண்டு உள்ளவர் என்றே பிரித்தார்கள். ஒற்றைக் குதிரை செத்தால் மறு ஆண்டு உழவு இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான். குதிரைத் திருடனைக் கிராமத்தார் பிடித்தால் நீதிமன்றம்வரை அவன் உயிரோடு போய்ச் சேர்வது அரிது. தந்தை கல்லறையிலிருந்து பிள்ளைக்குக் குதிரையை ஒப்படைக்கும் கதையை அந்த வீடுகளில் கேட்டவர்கள் அதை வெறும் மாயக்கதையாக மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1930களின் கூட்டுப்பண்ணைக் காலத்தை எண்ணாமலும் இதைப் படிக்க முடியாது. 1934 கட்சி மாநாட்டில் ஸ்டாலினே படித்த கணக்கின்படி சோவியத் நாட்டில் 1929இல் 3 கோடியே 40 லட்சம் குதிரைகள் இருந்தன. 1933இல் 1 கோடியே 66 லட்சம். தீனியில்லாமலும் கவனிப்பாரில்லாமலும் செத்தவை, பண்ணைக்குக் கொடுப்பதைவிட மேல் என்று வெட்டப்பட்டவை, விற்கப்பட்டவை எல்லாம் இந்தக் கழித்தலுக்குள் இருக்கின்றன. அதே ஆண்டுகளில் டிராக்டரை 'இரும்புக் குதிரை' என்று மேடைதோறும் வரவேற்றார்கள். அந்த முழக்கத்தில் இரும்புக்கு 'கோன்' என்ற சொல்லும், அது இடம் பிடிக்கப்போகும் குடியானவனின் விலங்குக்கு 'லோஷத்' என்பதன் குறுமை வடிவமும் வந்தன. அக்டோபர் 12 அன்று எழுதிய சொல் பிரிவினைக்கு நான் கொடுத்ததைவிட அதிக இடம் தர வேண்டும் என்று இதைப் பார்க்கும்போது தோன்றுகிறது. பழமொழிகளில் இரண்டும் ஒரே வயலில் நின்றன; முழக்கத்தில் ஒன்றை வைத்து மற்றொன்றை வெளியேற்றினார்கள்.

நவம்பர் 6

'பெஸ்லோஷத்னி' என்ற சொல் இன்னும் வழக்கில் உள்ளதா என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளது. நான் அங்கிருந்தபோது உடன் படித்தவர்களின் பேச்சில் அடிக்கடி கேட்டிருக்கிறேன். கார் பழுதாகிப் பணிமனையில் நிற்கும்போதும், விற்றுவிட்டுப் புதியது வாங்காமல் இருக்கும்போதும், 'இப்போது நான் பெஸ்லோஷத்னி, பேருந்தில்தான் வர வேண்டும்' என்பார்கள்.